ரவுட்டர் போய்விட்டது என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள்

வைஃபை முழுக்கோடும் காட்டும், இணையம் மட்டும் வராது. அதுவும் எல்லாக் கருவிகளிலும் அல்ல: இன்று கைபேசி நின்றால் நாளை மடிக்கணினி நிற்கும். மாடி அறைக்காக இரண்டாவது ரவுட்டரை வைத்துக்கொடுத்த அதே ஆளைத்தான் அழைத்தேன். வந்தவர் கீழே இருந்த ரவுட்டரின் விளக்குகளைப் பார்த்தார். "இது போய்விட்டது, மாற்றினால்தான் உண்டு" என்றார். கையோடு கொண்டுவந்த புதியதைப் பொருத்திப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்.

இரண்டே நாளில் அதே தொல்லை. கேட்டால், மடிக்கணினியின் நெட்வொர்க் கார்டு கோளாறாம்!

அன்றிரவு நானே உட்கார்ந்து பார்த்தேன். மடிக்கணினியின் ஐபி முகவரி, அதாவது வலையமைப்பில் அதை அடையாளம் காட்டும் எண், 192.168.1.14; கைபேசியில் 192.168.0.103. கைபேசி காட்டிய கேட்வே, அதாவது இணையத்துக்குப் போகும் வாசல், 192.168.0.1. அது மாடி ரவுட்டரின் முகவரி.

வீட்டுக்குள் முகவரி வழங்கும் வேலையை, அதாவது டிஹெச்சிபியை, ஒரே ரவுட்டர்தான் செய்ய வேண்டும். இவர் கீழிருந்து வரும் கேபிளை மாடி ரவுட்டரின் லேன் துளையில் (வீட்டுக் கருவிகளை இணைக்கும் துளை) செருகிவிட்டு, அதன் டிஹெச்சிபியை நிறுத்தாமலே போயிருக்கிறார். புதிதாக இணையும் கருவி "முகவரி கொடுங்கள்" என்று பொதுவாகக் கேட்கும். பெரும்பாலும் முந்திக்கொண்டு வரும் பதிலையே ஏற்கும். மாடி ரவுட்டர் முந்தினால், வெளியே போக வழியில்லாத கேட்வேதான் கிடைக்கும். முகவரி குறிப்பிட்ட காலத் தவணைக்கே வழங்கப்படுவதால், தவணையின் பாதியில் கொடுத்தவரிடமே போய்ப் புதுப்பித்துக்கொண்டு அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

மாடி ரவுட்டரை அணைத்து, கைபேசியை மீண்டும் இணைத்தேன். 192.168.1.15 வந்தது, இணையமும் வந்தது. பிறகு மாடி ரவுட்டரைத் திரும்பப் போட்டு, அதன் டிஹெச்சிபியை நிறுத்தி, அதற்கு 192.168.1.2 என்று முகவரி கொடுத்தேன். கீழ் ரவுட்டர் 192.168.1.10இலிருந்துதான் வழங்குகிறது என்பதால் மோதலில்லை. "போய்விட்ட" பழைய ரவுட்டரையே திரும்ப மாட்டினேன். மூன்று வாரமாக ஒரு குறையும் இல்லை.

பழுது பார்க்க வருபவர் ஐபி முகவரியையும் கேட்வேயையும் பார்க்காமல் பொருளை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். 169.254 என்று தொடங்கும் முகவரி இருந்தால் நிலைமை வேறு: யாருமே பதில் தராததால் கருவி தானே வைத்துக்கொண்டது அது. அப்போதும் கேபிளையும் டிஹெச்சிபி அமைப்பையும் பார்த்த பிறகே செலவைப் பற்றிப் பேசுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். பெட்டியைப் பிரித்துவிட்டதால் முடியாது என்றார். பிரித்தவர் அவர்தான். இப்போது என் அழைப்பையே எடுப்பதில்லை.