சராசரி மூட்டையா, வெள்ள வருஷத்து மூட்டையா?

விதையை மாற்றினோம், வரப்பை உயர்த்தினோம், வடிகாலைத் தூர் வாரினோம். இதெல்லாம் பெருமழைக்குத் தாங்குகிறதா என்று பார்க்க டெல்டாவில் இரண்டு கணக்கு ஓடுகிறது: ஏக்கருக்குச் சராசரி எத்தனை மூட்டை நெல், கெட்ட வருஷத்தில் எத்தனை மூட்டை மிஞ்சியது. 2020 டிசம்பர் புரெவி புயல் மழையிலிருந்து நான் இரண்டாவது கட்சி.

சராசரியின் வசதி தெரிந்ததுதான், ஊருக்கு ஊர் ஒப்பிடலாம். பயிர்க் காப்பீடும் கிட்டத்தட்ட அந்த வழியில்தான் போகிறது. சில வயல்களில் ஐந்துக்கு ஐந்து மீட்டர் அறுத்து எடை போட்டு, அதையே ஊர் விளைச்சலாக எடுத்துக்கொள்கிறார்கள். மூழ்கிய பள்ளமும் தப்பிய மேடும் அதில் கலந்துவிடும்.

கணக்குக்குச் சொல்கிறேன். ஒரு வயலில் மூன்று வருஷம் 36, 36, 3 மூட்டை. இன்னொன்றில் 26, 25, 24. இரண்டுக்கும் சராசரி 25. முதல் வயல்காரர் வீட்டு நகை மூன்றாம் வருஷம் அடகுக் கடையில் இருக்கும்.

அந்த டிசம்பரில் என் பள்ளத்து வயலில் பாதி பழைய சி.ஆர். 1009 நெல் ரகம், பாதி அதிலேயே வெள்ளம் தாங்கும் மரபணு சேர்த்த சி.ஆர். 1009 சப் 1. சப் 1 மரபணு ஒடிசாவின் எஃப்.ஆர். 13ஏ என்ற ரகத்திலிருந்து வந்தது. மூழ்கினால் மேலே எழும்பப் பார்த்துச் சத்தைத் தீர்த்துவிடாமல், பயிர் அடங்கிக் கிடக்கும்; இரண்டு வாரம் வரை தாங்கும். தண்ணீர் வடிந்ததும் தூரைப் பிடித்துப் பார்த்தேன். பழையது கொழகொழவென்று கையோடு வந்தது. சப் 1-ல் மேல் இலை அழுகிச் சேறு அப்பியிருந்தாலும் உள்ளே தண்டு கெட்டியாக, பச்சையாக இருந்தது. நல்ல வருஷத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மகசூல்தான். அந்த வருஷங்களின் சராசரியைப் பார்க்கிறவருக்கு நான் விதை மாற்றியதே தெரியாது.

சரி, என் கணக்கிலும் ஓட்டை உண்டு. அடுத்த மாதமே, 2021 ஜனவரியில், மேட்டு வயலில் அறுப்புக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்து கதிரிலேயே முளைத்தது. அதற்கு சப் 1 உதவாது. அதனால் இப்போது மூட்டையோடு, மழை எந்தப் பருவத்தில் வந்தது, தண்ணீர் எத்தனை நாள் நின்றது, இறைப்புக்கும் மறுநடவுக்கும் எவ்வளவு போனது என்பதையும் எழுதுகிறேன்.

வறட்சிக்கு இது சரிப்படுமா என்று கேட்டால், 2016-ல் மழை பொய்த்தபோது நான் நோட்டே வைத்திருக்கவில்லை.