கத்தி விளிம்பில் உருட்டுவதா, ஓடவிட்டுப் பார்ப்பதா?

மலேசியாவின் பிறை நகரில் மசாலா அரைக்கும் ஆலை ஒன்றில் தூசி உறிஞ்சும் விசிறி ஆடியது. கழற்றிப் பட்டறைக்கு அனுப்பினோம். எடையைச் சமன் செய்ய, விசிறிச் சக்கரத்தை ஷாஃப்டோடு இரண்டு சமமட்டக் கத்தி விளிம்புகளின் மேல் வைத்து உருட்டினார்கள். கனமான பக்கம் தானாகக் கீழே வந்து நிற்கும்; எதிர்ப்பக்கத்தில் எடை வைக்க வேண்டும். எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் அங்கேயே நின்றால் வேலை முடிந்தது. எங்கள் சக்கரமும் சமர்த்தாக நின்றது.

திரும்ப மாட்டி ஓட்டினால், முன்பு ஒரு பேரிங்தான் ஆடியது, இப்போது இரண்டுமே, எதிரும் புதிருமாக!

சக்கரத்தின் முன்தட்டில் இருந்த கனத்துக்குப் பின்தட்டில் எடை வைத்திருந்தார்கள். சப்பாத்திக் கட்டையின் இடது நுனியில் மேலே ஒரு காசு, வலது நுனியில் கீழே ஒரு காசு ஒட்டிப் பாருங்கள். மேசையில் உருளாது. வேகமாகச் சுழற்றினால்தான் தலையை ஆட்டும். இந்த இரட்டை விசையைக் கத்தி விளிம்பு காட்டவே காட்டாது.

விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 150 மி.மீ. ஆரத்தில் வெறும் 10 கிராம், நிமிடத்துக்கு 1450 சுற்றில் ஏறக்குறைய 3.5 கிலோ எடையளவு இழுக்கும். 2900 சுற்றில் 14 கிலோ.

ஓடவிட்டுச் செய்யும் முறையில் இரண்டு பேரிங்கிலும் சென்சார், ஷாஃப்டில் ஒரு துண்டு மினுங்கும் டேப். முதலில் சும்மா ஓட்டம். அப்புறம் முன்தட்டில் சோதனை எடை, பிறகு அதை எடுத்துவிட்டுப் பின்தட்டில். மூன்று ஓட்டத்தில் இரு தட்டுக்கும் கணக்கு வந்துவிடும். விசிறியைக் கழற்றவே வேண்டாம். கருவிதான் விலை.

அதற்காகப் பழைய முறையை நான் ஒதுக்க மாட்டேன். சாணைக்கல், புல்லி மாதிரி ஒல்லியான தட்டுகளுக்கு அது போதும். அகலம் விட்டத்தில் பாதிக்கும் குறைவு, வேகம் 1000 சுற்றுக்குள் என்றால் பொதுவாகப் பிரச்சினை வராது. எங்கள் விசிறி அகலமானது, வேகமும் 1450. அங்கே கத்தி விளிம்பு வீண்செலவு.

ஆனால் எந்த முறையானாலும் முதலில் பிளேடில் ஒட்டிய தூளைச் சுரண்டுங்கள். விசிறிகளுக்கு வழக்கமான ஜி 6.3 என்ற சமநிலைத் தரப்படி, 1450 சுற்றில் ஓடும் 20 கிலோ சக்கரத்துக்கு 150 மி.மீ. ஆரத்தில் 5.5 கிராம் ஏற்றத்தாழ்வுதான் சலுகை. அது இரண்டு டீஸ்பூன் மிளகாய்த் தூள். எங்கள் பிளேடுகளில் கை நிறைய வந்தது.