சித்தப்பாவின் தட்டு

திருச்சி ஏர்போர்ட்டில் இறங்கி, கும்பகோணம் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது புரட்டாசி முதல் சனிக்கிழமை, காலை பதினொரு மணி. சித்தப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். வயிறு முன்னால் தள்ளியிருந்தது. நெற்றிப்பொட்டு இரண்டு பக்கமும் குழி விழுந்திருந்தது. என் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கித் திறக்கப் பார்த்தார். மூடி திரும்பவில்லை. சிரித்துக்கொண்டே என்னிடமே நீட்டினார். "எடை மட்டும் குறையலைப்பா, அதே 68 தான்" என்றார் சித்தி ஆறுதலாக.

சித்தப்பாவுக்கு சிரோசிஸ். குடிப்பழக்கம் கிடையாது. இருபது வருடச் சர்க்கரை, அதோடு வந்த, கல்லீரலில் கொழுப்பு சேர்கிற ஃபேட்டி லிவர்; அந்தக் கல்லீரல்தான் தழும்பேறிச் சுருங்கிவிட்டது. இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஊரில் இருந்த மூன்று வாரத்தில் டோக்கன் கொடுக்கிற பெண் முதல் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் வரை "தண்ணி அடிப்பாரா?" என்று கேட்காத ஆளில்லை. "என்ன சாப்பிடறார்?" என்று கேட்டது ஒரே ஒருவர். அவரிடம் பின்னால் வருகிறேன்.

மத்தியானம் சித்தப்பாவின் தட்டைப் பார்த்தேன். குழைந்த சோறு ஒரு கரண்டி, நீர்மோர், உப்பில்லாத சுரைக்காய். சர்க்கரைக்காகச் சோற்றைக் குறைத்திருக்கிறார்கள். கிட்னிக்கு ஆகாது என்று யாரோ சொல்லிப் பருப்பு நின்றது. வயிற்றில் நீர் கோத்ததும் உப்பு போயிற்று. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்தவர் எண்ணெய், தாளிப்பு கூடாதென்று பத்தியம் போட்டார். முட்டையைப் புரட்டாசி எடுத்துக்கொண்டது. சனிக்கிழமை ராத்திரி விரதம் வேறு. ஆளுக்கொன்றாக எடுத்துப்போட்டு மிஞ்சியது அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை விடிகாலை, மகளை என்றோ செத்துப்போன அத்தை பேர் சொல்லிக் கூப்பிட்டார். டீயில் விபூதியைக் கலக்கப் போனார். நாலு நாளாக அவர் வெளிக்குப் போகவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. 108க்கு அடித்தோம், இருபது நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது. டவுன் அரசு ஆஸ்பத்திரியில் எனிமா கொடுத்து, மலத்தை இளக்குகிற லாக்டுலோஸ் சிரப் ஊற்றினார்கள். குடலில் உண்டாகிற அம்மோனியாவைக் கெட்டுப்போன கல்லீரல் சுத்தம் செய்யாமல் விட்டால், அது மூளையைக் குழப்பும். சாயங்காலம் "நீ எப்படா வந்தே?" என்று என்னைக் கேட்டார். பைசா செலவில்லை.

எண்டோஸ்கோப்பிக்கும் வயிற்று நீர் எடுக்கவும் தஞ்சாவூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். லிஃப்டுக்குள் வீணை இசையெல்லாம் உண்டு. ஆறு லிட்டர் எடுத்தார்கள். ஐந்து லிட்டருக்கு மேல் எடுத்தால் லிட்டருக்கு 8 கிராம் கணக்கில் ஆல்புமின் என்கிற புரதத்தை ரத்தத்தில் ஏற்ற வேண்டும். அதைக் கணக்காகச் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். பிறகு எடை பார்த்தால் 62. கால் வீக்கமும் வடிந்தால் 58 தான் நிற்கும் என்றார் நர்ஸ். சித்தி நம்பிக்கொண்டிருந்த 68-ல் பத்து கிலோ தண்ணீர்.

எண்டோஸ்கோப்பிதான் வயிற்றெரிச்சல். முதல் நாள் ராத்திரி ஏழு மணிக்குச் சாப்பிட்டவரை வெறும் வயிற்றோடு உட்கார வைத்தார்கள். காலை எட்டு மணி என்றார்கள், பிறகு பதினொன்று, பிறகு டாக்டர் எமர்ஜென்சியில் இருக்கிறார். சாயங்காலம் நாலு மணிக்கு "நாளைக்குப் பாத்துக்கலாம் சார்." இருபத்தொரு மணி நேரம்! நல்ல கல்லீரல் ராத்திரிக்கென்று கொஞ்சம் சர்க்கரையைச் சேமித்து வைக்கும். சிரோசிஸ் வந்ததில் அந்த இருப்பு நிற்காது. நமக்கு இரண்டு மூன்று நாள் பட்டினி செய்வதை இவர்களுக்கு ஒரே ராத்திரி செய்துவிடும். உடம்பு தசையைக் கரைத்துச் சர்க்கரையாக்கும். அந்தத் தசைதான், கல்லீரல் விட்டுவிட்ட அம்மோனியாவை வாங்கிக்கொள்கிற மாற்று இடம். தசை கரைந்தால் குழப்பம் திரும்ப வரும், தொற்று சுலபமாகத் தொற்றும், மாற்று அறுவை சிகிச்சை என்று போனாலும் தேறுவது கஷ்டம்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் "சைல்டு பியூ சி" என்று இருந்தது, நோயின் கடுமையைக் குறிக்கிற தரம். தேடிப் படித்தேன். 1964-ல் சைல்டு, டர்காட் என்ற இரண்டு டாக்டர்கள் இந்தத் தரத்தை வகுத்தபோது ஐந்து விஷயங்களைப் பார்த்தார்கள். அதில் ஒன்று நோயாளியின் ஊட்ட நிலை. 1973-ல் பியூ என்பவர் அதை எடுத்துவிட்டு ரத்தம் உறையும் நேரத்தைப் போட்டார். லேபில் வரும் எண்ணுக்கு ஆளுக்கு ஆள் கருத்து மாறாது, நியாயம்தான். ஆனால் ஆளை நிமிர்ந்து பார்க்கிற பழக்கமும் கூடவே போய்விட்டது போல. சம்மரியின் கடைசி வரி: சால்ட் ஃப்ரீ, லோ புரோட்டீன், டயபெட்டிக் டயட்.

"டயட்டீஷியன் யாராவது இருக்காங்களா?" என்று நானாகத்தான் கேட்டேன். பேஸ்மென்டில், கேன்டீன் பக்கத்தில் ஒரு சின்ன அறை. முந்நூறு ரூபாய். முப்பது வயதுகூட இருக்காத பெண். தையல்காரர் டேப்பால் சித்தப்பாவின் மேல்கையை அளந்தார்: 21 சென்டிமீட்டர். பிறகு கைப்பிடி பலம் பார்க்கிற கருவியைக் கொடுத்து, "அப்பா, உங்களால எவ்வளவு முடியுமோ அமுக்குங்க" என்றார். முள் 13 கிலோவில் நின்றது. சித்தப்பா தலை குனிந்துகொண்டார். வயல் வேலை பார்த்த கை.

'லோ புரோட்டீன்' என்ற இரண்டு சொல்லையும் அந்தப் பெண் பேனாவால் அடித்தார். புரதம் மூளைக்கு ஏறும் என்பது பழைய பயம். 2004-லேயே பார்சிலோனா மருத்துவர்கள் சோதித்து, புரதத்தைக் குறைப்பதில் லாபமில்லை, தசைதான் இன்னும் கரைகிறது என்று காட்டிவிட்டார்கள். ஒரு நாளைக்கு, உடம்பு எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம், 35 கலோரி வேண்டும். 58 கிலோவுக்கு எழுபதிலிருந்து எண்பத்தேழு கிராம் வரை புரதம், இரண்டாயிரம் கலோரி. சித்தப்பா சாப்பிட்டதைக் கூட்டினால் இருபது கிராம் தேறவில்லை. "கிட்னியைக் காட்டற கிரியேட்டினின் நல்லாத்தானே இருக்கு, பருப்பை யாரு நிறுத்துனது?" சித்தி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

"உப்பே இல்லாம ஒதுக்கி வைக்கறதுக்கு, கொஞ்சம் உப்போட சாப்பிட்டாத் தேவலை" என்று, முக்கால் டீஸ்பூன் அளந்து ஒரு குட்டி டப்பாவில் போட்டுக் காட்டினார். ஒரு நாள் முழுக்க அதற்குள்தான். ஊறுகாய், அப்பளம் கிடையாது. முக்கியமாக, படுக்கப் போகும்போது ஏதாவது சாப்பிட வேண்டும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு ஒன்றில் ஒரே சத்துப் பானத்தைச் சிலருக்குப் பகலிலும் சிலருக்கு ராத்திரியிலும் ஒரு வருடம் கொடுத்தார்களாம். ராத்திரி குடித்தவர்களுக்குத்தான் தசை ஏறியது. விரதத்தை என்ன செய்வதென்று சித்தி கேட்டார். "பெருமாள் கோவிச்சுக்க மாட்டார்ம்மா, நான் சொன்னேன்னு சொல்லுங்க."

வீடு திரும்பிய வாரம் நவராத்திரி. முட்டை இல்லாத மாதத்தில் தெருவெல்லாம் சுண்டல்! கொலு வைத்த வீடுகளில் சித்தி முன்னாடியே சொல்லிவைத்து, பாதி உப்புப் போட்டுத் தனியாக வாங்கினார். கொண்டைக்கடலை, பட்டாணி, பாசிப்பயறு என்று ஒன்பது நாளும் ஓடியது. மக்களைத் தேடி மருத்துவத்தில் மாதாமாதம் சர்க்கரை மாத்திரை கொண்டுவருகிற அக்காவிடம், கையை அளக்க டேப் இருக்கிறதா என்று கேட்டேன். "எங்ககிட்ட இல்ல தம்பி, அங்கன்வாடியில புள்ளைங்களுக்கு அளக்கறது இருக்கும், கேட்டுப் பாக்கறேன்" என்றார். மறுநாள் வாங்கியே வந்துவிட்டார்.

சிங்கப்பூர் வந்து ஆறு வாரம் ஆகிறது. தங்கை நோட்டுப் பக்கத்தைத் தினமும் போட்டோ எடுத்து அனுப்புகிறாள். நேற்றைய கடைசி வரி: "ராத்திரி 10.10, பால் ஒரு டம்ளர், பொட்டுக்கடலை உருண்டை ஒண்ணு. பாதியை நாய்க்குப் போட்டுட்டார், நான் பாத்துட்டேன்."