பென்ஸ் 250 டி: பத்தாண்டு தாண்டிய பாவனை அனுபவம்

ஜேர்மனியின் ஸ்ருட்கார்ட் நகருக்கு அருகில் வசிக்கும் நான், 1991ஆம் ஆண்டுத் தயாரிப்பான மெர்சிடிஸ் பென்ஸ் 250 டி கார் ஒன்றைப் பத்தாண்டுகளுக்கு மேலாக அன்றாடத் தேவைகளுக்கே பாவித்து வருகிறேன். ‘டபிள்யூ 124’ என்ற இலக்கத்தால் அறியப்படும் இந்த வரிசை 1984 இறுதியில் அறிமுகமாகி, 1997 வரை எல்லா வடிவங்களிலுமாக 25 இலட்சத்துக்கு மேல் தயாரிக்கப்பட்டது. என்னிடம் இருப்பது அவற்றுள் மிகச் சாதாரணமான ஒன்று. துணி இருக்கை, கையால் மாற்றும் ஐந்து கியர், பின்கதவுக் கண்ணாடியைச் சுற்றி இறக்குவதற்கு ஒரு பிடி, குளிரூட்டி கிடையாது. ஆடம்பரக் கார் என்றதும் எங்கள் ஆட்கள் மனதில் வரும் எதுவும் இதற்குள் இல்லை. கலியாண வீட்டு வாசலில் இதில் போய் இறங்கினால், “நல்ல காராக ஒன்று எடுக்கலாமே அண்ணை” என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. ஆனால் பென்ஸ் என்ற பெயருக்கு உலகம் கொடுத்த மதிப்பு எங்கிருந்து வந்தது என்பதை, அலங்காரம் எதுவும் இல்லாத இந்தக் காரில்தான் தெளிவாகப் பார்க்க முடிகிறது என்பது என் எண்ணம். தேய்ந்ததைக் கழற்றி மாற்றிவிட்டு மீண்டும் பூட்டி ஓட்டலாம் என்ற நினைப்போடு செய்யப்பட்ட கார் இது. அந்த நினைப்புத்தான் இதன் ஆடம்பரம்.

முதலில் ஓட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாவியைத் திருப்பியதும் சுருள் வடிவ மஞ்சள் விளக்கு ஒன்று எரியும். அது அணையும்வரை பொறுத்திருந்து பிறகுதான் இயந்திரத்தை உயிர்ப்பிக்க வேண்டும். ஐந்து சிலிண்டர், 2,497 கன சென்ரிமீற்றர், 94 குதிரைவலு. நின்ற இடத்திலிருந்து 100 கிலோமீற்றர் வேகத்தைத் தொடுவதற்குப் பதினாறு விநாடிக்கு மேல் ஆகும் என்பதால், அதிவேகச் சாலையில் நுழையும்போது முன்கூட்டியே யோசித்துத்தான் நுழைய வேண்டியிருக்கும். ஏ8 சாலையில் ஷ்வேபிஷ் ஆல்ப் மலையேற்றம் வந்தால் பாரவூர்திகளின் பாதையில் அவற்றோடு சேர்ந்து ஏறுவதே மரியாதை. அவசரக்காரருக்கு இந்தக் கார் உதவாது. ஆனால் 120 அல்லது 130இல் ஒரே சீராக விட்டுவிட்டால், ஐந்தாறு மணி நேரம் ஓட்டிய பிறகும் முதுகு வலிக்காமல் இறங்கலாம். இருக்கையின் உள்ளே வெறும் பஞ்சுக்குப் பதிலாக உருக்குச் சுருள்களையும் அவற்றின் மேல் ரப்பர் ஏற்றிய நார்த் திண்டையும் வைத்திருக்கிறார்கள். முதலில் உட்காரும்போது கடினமாகத் தோன்றும் இந்த இருக்கையின் அருமை நூறு கிலோமீற்றருக்குப் பிறகே தெரியவரும்.

சவாரியின் அமைதிக்கு இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, காற்றுத் தடைக் குணகத்தை 0.29 அளவுக்கு இறக்கிய உடல் வடிவம். 1984இல் ஒரு குடும்பக் காருக்கு அது மிகவும் அரிய அளவு. மற்றையது, பின்சில்லு ஒவ்வொன்றையும் ஐந்து தனித்தனிக் கம்பிகளால் பிடித்திருக்கும் தொங்கல் அமைப்பு. 1982இல் சிறிய 190 காரில் முதன்முதல் பொருத்தப்பட்ட இந்த அமைப்பில், சில்லு பள்ளத்தில் விழுந்து எழும்போதும் அது வீதியைத் தொடும் கோணம் பெரிதாக மாறுவதில்லை. மழையில் ஒரு வளைவுக்குள் கொஞ்சம் கூடுதல் வேகத்தோடு நுழைந்தாலும் வால் ஆடாமல் போவது அதனால்தான். ஆனால் அந்தக் கம்பிகளின் முனையிலுள்ள ரப்பர்கள் வயதாகி இளகினால், கார் வீதியில் மிதப்பதுபோல ஓர் உணர்வு வரும். ஒரு முறை முழுத் தொகுதியையும் மாற்றினேன். அதன் பிறகு புதிய காருக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

நூறு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ ஏழு லீற்றர் டீசல் போதும். தாங்கி 70 லீற்றர் கொள்ளும் என்பதால், பாரிஸில் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலுக்குப் போகும்போது வழியில் எங்கும் எண்ணெய் அடிக்கத் தேவையில்லை. திரும்பும்போது பின்பெட்டியின் 520 லீற்றர் இடத்தில் அரிசி மூட்டையும் முருங்கைக்காய்க் கட்டும் மீன் பெட்டியும் போன பிறகும் இடம் மிஞ்சும். பெட்டியின் வாய் பம்பர் வரை கீழே இறங்குவதால் பாரத்தை மார்பளவுக்குத் தூக்க வேண்டியதில்லை; சாமான் ஏற்றிப் பழகிய யாரோ ஒருவர் சொல்லித்தான் இதை இப்படி வரைந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்தது இயந்திர மூடி. சாதாரணமாகத் திறந்தால் மற்றக் கார்களைப் போலவே நிற்கும். பக்கத்திலுள்ள பூட்டை விடுவித்தால் நேர் செங்குத்தாக எழுந்து வானத்தைப் பார்த்து நிற்கும். உள்ளே இரண்டு கையையும் விட்டு வேலை செய்யலாம், வெளிச்சமும் நன்றாக விழும். எண்ணெய் வடிகட்டி மேலிருந்தே கழற்றும்படி இருப்பதால், அதை மாற்றுவதற்குக் காரின் கீழே படுக்க வேண்டியதில்லை. டீசலைச் சிலிண்டர்களுக்குப் பகிரும் பம்பு இயந்திர முறையில் இயங்குவது. இயந்திரத்தை நிறுத்துவதும் கதவுகளை மொத்தமாகப் பூட்டுவதும் காற்று உறிஞ்சல் மூலம் நடக்கின்றன. அதனால் வரும் வேடிக்கை ஒன்று உண்டு. மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று வயதாகி வெடித்துவிட்டால், சாவியை எடுத்த பின்னும் இயந்திரம் நிற்காது. இப்படி நடக்கும் என்பதை முன்பே நினைத்து, பம்பின் மேல் ‘நிறுத்து’ என்று எழுதிய சிறிய நெம்பு ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். மூடியைத் திறந்து விரலால் அழுத்தினால் அடங்கிவிடும். என் கார் அப்படி நிற்க மறுத்தபோது, கராஜ் ஒன்றில் பம்பையே மாற்ற வேண்டும் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் மதிப்பீடு தந்தார்கள். ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர் வந்து, சில யூரோ பெறுமதியான குழாயை மாற்றிவிட்டு, கோப்பி குடித்துவிட்டுப் போனார்.

யாழ்ப்பாணத்தில் போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது ஒஸ்ரின், மொறிஸ் மைனர் போன்ற பழைய பிரித்தானியக் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிய தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெற்றோலைச் சொட்டு விட்டு உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓடிய அந்தக் கார்களைக் காப்பாற்றியதும் கழற்றிப் பூட்டக்கூடிய அமைப்பே.

முன்கண்ணாடியைத் துடைக்க ஒரேயொரு கை மட்டும் உள்ளது. அது வெறும் அரைவட்டம் போடாமல், மூலைக்கு வரும்போது நீண்டும் நடுவில் சுருங்கியும் போய்க் கண்ணாடியின் 86 வீதத்தைத் துடைக்கிறது. உள்ளேயிருக்கும் பற்சக்கரத்துக்குக் கிறீஸ் வைக்க மறந்தால் முனகத் தொடங்கும். பார்க்க வருபவர்களின் பிள்ளைகள் இதை ஓடவிடச் சொல்லிக் கேட்பார்கள்.

வரலாற்றைப் பற்றிச் சொல்வதற்கு நான் வசிக்கும் இடமே உதவுகிறது. ஸ்ருட்கார்ட்டின் கான்ஸ்ரட் பூங்காவில், இந்நிறுவனத்தின் முன்னோடிகளான கொட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மைபாக்கும் 1880களில் இரகசியமாக வேலை செய்த தோட்ட வீடு இப்போதும் இருக்கிறது. இரவில் உள்ளே என்ன நடக்கிறதென்று சந்தேகப்பட்ட தோட்டக்காரர், கள்ள நாணயம் அடிக்கிறார்கள் என்று பொலிஸுக்கு அறிவித்ததாகக் கதை உண்டு. அதே காலத்தில் மன்ஹைமில் தனியாக உழைத்துக்கொண்டிருந்த கார்ல் பென்ஸ், 1886 ஜனவரி 29இல் தன் மூன்று சில்லு வாகனத்துக்குக் காப்புரிமை கோரினார். ஆனால் வாகனம் ஊர்ப் பயணத்துக்கு உதவும் என்று காட்டியவர் அவருடைய மனைவி பேர்த்தா பென்ஸ். 1888 ஓகஸ்ட்டில் கணவருக்குச் சொல்லாமல் இரண்டு மகன்மாரையும் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 100 கிலோமீற்றர் தொலைவிலிருந்த ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஓட்டிப் போனார். வீஸ்லொக் ஊர் மருந்துக்கடையில் எரிபொருள் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்தி எடுத்தார். தேய்ந்த பிரேக்குக்குச் செருப்புத் தைப்பவரிடம் தோல் அடித்துக்கொண்டார். இந்த நிறுவனத்தின் முதலாவது நெடும்பயண அறிக்கையே ஒரு பழுதுபார்ப்பு அறிக்கைதான் என்பது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தரும் விடயம்.

‘மெர்சிடிஸ்’ என்ற பெயர், பிரான்ஸின் நீஸ் நகரில் டைம்லர் கார்களைப் பணக்காரருக்கு விற்ற எமில் ஜெலினெக்கின் மகளுடையது. ஜெலினெக் கேட்டுக்கொண்டபடி மைபாக் வடிவமைத்த 35 குதிரைவலுக் கார், 1901இல் நீஸ் பந்தய வாரத்தில் எல்லாரையும் பின்தள்ளியது. நட்சத்திரச் சின்னம் 1909இல் பதிவானது. டைம்லர், பென்ஸ் நிறுவனங்கள் 1926இல்தான் இணைந்தன. ஆடம்பரம் என்ற முத்திரை ஜெலினெக்கின் வாடிக்கையாளரிடமிருந்து வந்தது. மன்ஹைம் பக்கத்திலிருந்து வந்தது பட்டறைக் குணம். இரண்டும் ஒரே காருக்குள் எப்போதும் சமாதானமாக இருந்ததில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த வரலாற்றின் இருண்ட பகுதியைத் தாண்டிப் போக முடியாது. நாசி ஆட்சியில் தலைவர்களின் ஊர்வலக் கார்களைச் செய்தது இந்நிறுவனம். 1944இல் அதன் தொழிலாளரில் ஏறக்குறைய அரைவாசிப்பேர் கட்டாய உழைப்புக்கு உட்படுத்தப்பட்டவர்களும் போர்க் கைதிகளும் என்பதை நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. நட்சத்திரத்தைப் பார்த்துப் பெருமைப்படுபவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும்.

போருக்குப் பிந்திய பெருமை பெரும்பாலும் பாதுகாப்பின் வழியாக வந்தது. மோதலில் முன்னும் பின்னும் நசுங்கி நடுவிலுள்ள ஆட்களைக் காக்கும் உடலமைப்புக்கு நிறுவனத்தின் பொறியியலாளர் பேலா பரேனி 1951இல் காப்புரிமை கோரினார். 1959இல் அது விற்பனைக் காரில் வந்தது. சில்லு பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக்கை 1978இல் பொஷ் நிறுவனத்தோடு சேர்ந்து எஸ் வகுப்பில் கொடுத்தார்கள். இத்தாலியில் பிறந்த புரூனோ சாக்கோ வடிவமைப்புத் தலைவராக இருந்த காலத்தில்தான் என் காரின் உருவம் பிறந்தது. இத்தனை ஆண்டு கழிந்தும் அதில் வெட்டி எறிய ஒரு கோடு இல்லை.

ஸ்ருட்கார்ட்டில் 2006இல் திறந்த அருங்காட்சியகத்தின் உச்சித் தளத்தில் முதலில் வரவேற்பது ஒரு வெள்ளைக் குதிரை உருவம். நான் விருந்தினரை அழைத்துப்போனால், கோடிக்கணக்கான பெறுமதியுள்ள பந்தயக் கார்களை விட்டுவிட்டு 1976ஆம் ஆண்டின் 240 டி ரக்சி ஒன்றின் முன்னால்தான் நிற்பேன். கிரேக்கச் சாரதி ஒருவர் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டிவிட்டு 2004இல் நிறுவனத்திடம் கையளித்த வாகனம் அது.

1990களின் பிற்பகுதியில் நிலைமை மாறியது. 1997இல் புதிய ஏ வகுப்புக் கார் சுவீடனில் நடந்த சோதனையொன்றில் கவிழ்ந்தது. மறு ஆண்டில் அமெரிக்கக் கார் நிறுவனமான கிறைஸ்லருடன் நடந்த இணைப்பு 2007இல் முறிந்தது. டீசல் புகை விவகாரத்தில் 2020இல் அமெரிக்க அரசோடு 150 கோடி டொலர் அளவில் உடன்படிக்கை செய்ய நேர்ந்தது. இன்றைய புதிய கார்களை நண்பர்களிடம் வாங்கி ஓட்டியிருக்கிறேன். வேகத்திலும் அமைதியிலும் என் காருக்கு எட்டாத உயரத்தில் இருக்கின்றன. ஆனால் முன்பலகை முழுவதையும் மூடும் திரை பழுதானால் முப்பது வருடம் கழித்து யார் எதைக் கழற்றிப் பூட்டுவார் என்ற கேள்விக்கு அவற்றுக்குள் விடை இருப்பதாகத் தெரியவில்லை.

செலவுக்கு வருவோம். முப்பது வயது கடந்து, நல்ல நிலையில் இருப்பதாக நிபுணர் சான்று கிடைத்த காருக்கு இங்கே ‘எச்’ எழுத்துடன் இலக்கத்தகடு தருவார்கள். அதன் பிறகு வருட வரி 191 யூரோ 73 சதம் மட்டுமே. சாதாரணப் பதிவில் இந்தப் பழைய டீசலுக்கு அதைப் போலப் பல மடங்கு கட்ட வேண்டும். புகை குறைந்த வாகனம் என்பதற்கான பச்சை ஒட்டி இல்லாத வாகனங்களுக்கு அனுமதியில்லாத நகர வலயங்களுக்குள்ளும் இந்தத் தகட்டோடு போகலாம். இந்தச் சலுகை எனக்கு வசதியாக இருந்தாலும் முழுக்க நியாயமானது என்று சொல்ல மாட்டேன். காலையில் உயிர்ப்பிக்கும்போது வரும் கரும்புகையைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சுவாசிக்கிறார்கள். நகரத்துக்குள் போக நான் இப்போது பெரும்பாலும் ரயிலையே பாவிக்கிறேன். உதிரிப்பாகங்களில் அநேகமானவை இலக்கம் சொன்னால் இன்றும் கிடைக்கும். பழைய கார்களுக்கென்றே ஃபெல்பாக் நகரில் நிறுவனம் ஒரு நிலையம் நடத்துகிறது. விலைதான் வருடாவருடம் ஏறுகிறது.

இந்த வரிசையில் ஒன்றை வாங்க நினைப்பவர்கள் இயந்திரத்தின் சத்தத்தில் மயங்காமல் கறளை, அதாவது துருவை, முதலில் தேட வேண்டும். குளிர்காலத்தில் வீதியில் கொட்டும் உப்பு, ஜாக் வைக்கும் இடங்களையும், பின்சுருள்வில் அமரும் தகட்டையும், 1989க்குப் பிறகு பக்கங்களில் பொருத்திய பிளாஸ்ரிக் பலகைகளின் பின்பக்கத்தையும் ஓசையின்றித் தின்றுவிடும். வெளியே பளபளக்கும் காரில் அந்தப் பலகையைக் கழற்றச் சொல்லிக் கேட்டதும் விற்பவர் தயங்கினால், அங்கேயே நன்றி சொல்லித் திரும்பிவிடலாம். பெற்றோல் காராக இருந்து 1993 முதல் 1995 வரையான தயாரிப்பாகவும் இருந்தால், இயந்திரத்தின் மின்கம்பி உறையை நகத்தால் மெதுவாக வளைத்துப் பார்க்கவும். அந்த ஆண்டுகளின் உறை காலப்போக்கில் உதிர்வது பரவலாக அறியப்பட்ட விடயம், முழுத் தொகுதியையும் மாற்றினால்தான் தீரும். டீசலில் அந்தத் தொல்லை குறைவு. மைல்மீற்றர் மூன்று இலட்சம் கிலோமீற்றரைக் காட்டுவதற்காகப் பயப்படத் தேவையில்லை. எண்ணெய் மாற்றிய பற்றுச்சீட்டுகள் ஒழுங்காக இருந்தால் போதும்.