ஆன்லைன் நைலான் பிரிண்டிங் சர்வீஸ்: மெஷின் பார்ட் வாங்கி ஓட்டிப் பாத்தாச்சு

எஸ்எல்எஸ் முறைல, அதாவது பிளாஸ்டிக் பவுடர லேசரால உருக்கி லேயர் லேயரா அடுக்குற 3டி பிரிண்டிங்ல, நைலான் 12ங்கற பிளாஸ்டிக்ல பார்ட் பிரிண்ட் பண்ணித் தர்ற ஒரு ஆன்லைன் சர்வீஸ்ல, பேக்கிங் லைன்ல காத்த உறிஞ்சி பெட்டியப் பிடிச்சுத் தூக்குற வாக்குவம் கிரிப்பருக்கு பார்ட் வாங்கினோம், லைன்ல மாட்டி ஓட்டியும் பாத்தாச்சு. ரொம்பவே திருப்தி, ஆனா கண்ண மூடிட்டு ஆர்டர் போட்றாதீங்க, அதுக்குத்தான் இத எழுதுறேன்.

பழைய கிரிப்பர் அலுமினியக் கட்டை. காத்து போறதுக்கு நாலு பக்கமும் டிரில் போட்டு, வேண்டாத ஓட்டைய எல்லாம் கிரப் ஸ்குரூ (தலை இல்லாத ஸ்குரூ) வச்சு அடைச்சு, மேல ஃபிட்டிங் டியூப்னு தொங்கும், எங்க லீக் ஆகுதுன்னு தேடுறதே ஒரு வேலை. பிரிண்ட்ல காத்து போற வழிய உள்ளயே வளைச்சு வரைஞ்சுக்கலாம், டிரில் மாதிரி நேராத்தான் போகணும்னு இல்ல. பல பார்ட்டா இருந்தது இப்ப ஒரே பார்ட், எடையும் கொறஞ்சதால ரோபோவோட வேகத்தக் கூட்ட முடிஞ்சுது. ஜெனரல் எலக்ட்ரிக் லீப் விமான இன்ஜினோட ஃபியூயல் நாசில்ல பண்ணினதும் இதேதான், சுமார் 20 பார்ட்ட ஒண்ணா சேத்தாங்க, எடை 25 சதவீதம் கொறஞ்சுது. அதனால பழைய டிராயிங்க அப்படியே அனுப்பாதீங்க, காசு தண்டம், பிரிண்டுக்குன்னு புதுசா டிசைன் பண்ணினாத்தான் பலன்.

குறைன்னா பவுடர்தான். லேசர் பட்ட இடம் மட்டும் உருகி ஒட்டும், ஒரு லேயர் சுமாரா 0.1 மில்லிமீட்டர், மிச்ச பவுடர் பார்ட்டச் சுத்தி நின்னு தாங்கிக்கறதால தனியா சப்போர்ட் வேணாம். ஆனா உள்வழில இருக்கற பவுடரும் அங்கயே நிக்கும்ல? எங்களுக்கு வந்ததுல வளைவுகிட்ட இறுகிப் போயிருந்துச்சு, ஏர் கன் அடிச்சும் வரல, ஸ்பிரிங் கம்பி விட்டுக் குடைஞ்சப்புறம்தான் வெள்ளையா கொட்டுச்சு. அவங்க பாத்து அனுப்பியிருக்க வேண்டிய விஷயம் இது. சொன்னதும் மறுபேச்சு இல்லாம வேற பார்ட் அனுப்பினாங்க, அது சுத்தமா இருந்துச்சு. எதுக்கும் உள்வழிய ரொம்ப சின்னதா வைக்காதீங்க, ரெண்டு முனைலயும் திறப்பு விடுங்க.

மேல்பரப்பு சொரசொரன்னுதான் வரும். காத்து லீக் ஆகாம அடைக்கற ஓ-ரிங் (ரப்பர் வளையம்) உக்கார்ற இடத்த அப்படியே விட்டா காத்து பிடிக்காது, அங்க மட்டும் மெட்டீரியல் கூட விட்டு லேத்துல கடைஞ்சுக்கிட்டோம். அடிக்கடி கழட்டி மாட்ற போல்ட்டுக்கு நைலான்லயே மரை போடாதீங்க, உள்ள மரை இருக்கற பித்தளை இன்சர்ட்ட சூடு பண்ணி இறக்கிடுங்க.

ஒரே பார்ட் லட்சக்கணக்குல வேணும்னா இன்னைக்கும் இன்ஜெக்ஷன் மோல்டிங்தான் (உருக்கின பிளாஸ்டிக்க அச்சுக்குள்ள அழுத்தி வார்க்கறது), மோல்டு செலவு அத்தன பீஸ்லயும் பிரிஞ்சிடும். கொஞ்சமா வேணும், அளவு அடிக்கடி மாறும், பழைய மெஷினுக்கு ஸ்பேர் வர்றதே நின்னு போச்சு, இந்த மாதிரி வேலைக்கு தாராளமா போகலாம், பார்ட்டுக்கு பதிலா ஃபைல ஸ்டாக் வச்சுக்கிட்டா போதும். அடுத்து சென்சார் பிராக்கெட்டும் கேபிள் கைடும் இவங்ககிட்டயேதான் போடப்போறோம்.