அறுபது மடங்கு ஸ்கோப்பும் அதன் இடப்பக்கக் குமிழும்

நான் சில பருவங்களாக என் .308 துப்பாக்கியின் மேல் வைத்திருக்கும் போட்டி ஸ்கோப்பின் விலை அண்மையில் நன்றாக இறங்கியிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு, எஃப்-கிளாஸ் என்ற, படுத்துக்கொண்டு துப்பாக்கியைத் தாங்கியின் மேல் வைத்து நெடுந்தூர இலக்கைச் சுடும் போட்டிகளுக்கு வர விரும்பும் இளைய நண்பர் ஒருவர், "அண்ணா, இப்போது வாங்கிவிடலாமா?" என்று கேட்டு எழுதியிருந்தார். ஒரு வரியில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் 15 முதல் 60 மடங்கு வரை பெருக்கிக் காட்டும் அந்தக் கருவியின் இடப்பக்கத்தில், இலக்கின் தூரத்துக்கேற்பக் குவியத்தைச் சரிசெய்யும் ஒரு குமிழ் இருக்கிறது. அதன் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஒரு வரியில் அடங்குவதாக இல்லை. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்க்கிறேன். நான் சொல்லப்போகும் குறை இந்த உருப்பெருக்கத்தை எட்டிய ஸ்கோப்புகள் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழப் பொதுவானது. பெயரைச் சொன்னால் பேச்சு அந்தப் பெயரைச் சுற்றியே போய்விடும்.

நண்பர் இதுவரை பி.ஆர்.எஸ். வகைப் போட்டிகளில், 5 முதல் 25 மடங்கு ஸ்கோப்புடன் சுட்டு வந்தவர். அங்கே பல தூரங்களில், பல நிலைகளில், நேர நெருக்கடியில் சுட வேண்டியிருப்பதால் பலரும் 12 முதல் 18 மடங்குக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள். அது அந்த விளையாட்டுக்குச் சரி. அவருடைய ஸ்கோப்பில் குறியை நகர்த்தும் திருகின் ஒரு கிளிக் 0.1 மில் (மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அதாவது ஆயிரம் கஜத்தில் 3.6 அங்குலம். எஃப்-கிளாஸ் இலக்கின் நடு வளையமோ அதே தூரத்தில் சுமார் 5 அங்குல விட்டம் கொண்டது. ஒரு கிளிக் திருப்பினால் வளையத்தின் விட்டத்தில் பாதிக்கும் மேல் நகர்ந்துவிடும் கருவியை வைத்துக்கொண்டு இங்கே வெல்ல முடியாது. எங்கள் ஸ்கோப்புகளின் எட்டில் ஒரு பங்கு எம்.ஓ.ஏ. (எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) கிளிக் அதே தூரத்தில் 1.3 அங்குலம் மட்டுமே நகர்த்தும். ஆகவே அவருக்குப் புதிய ஸ்கோப் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அது அறுபது மடங்காக இருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

எஃப்-கிளாஸ் பிரிவு கனடாவில் பிறந்தது. வயது ஏற ஏற, தோள்வாரைக் கட்டிக்கொண்டு துளைக்குறி வழியாகப் பார்த்துச் சுடுவது கடினமாகிப் போனவர்களும் களத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக ஜார்ஜ் ஃபார்குவார்சன் என்ற மூத்த வீரர் முன்னெடுத்த முறை இது. பெயரில் இருக்கும் 'எஃப்' அவருடையதுதான். முதல் உலகப் போட்டி 2002-இல் ஒட்டாவாவின் மேற்கே உள்ள கானாட் சுடுகளத்தில் நடந்தது. 2017-இல் மறுபடியும் அங்கேயே நடந்தது. ஆரம்ப காலத்துத் துப்பாக்கிகளில் லியூபோல்ட், வீவர் போன்றவற்றின் மாறாத 36 மடங்கு ஸ்கோப்புகள் சாதாரணமாகக் காணப்பட்டன. அவற்றில் இடமாறு தோற்றப்பிழையை, அதாவது தலை அசைந்தால் குறி நகர்வதுபோலத் தெரிவதைச் சரிசெய்யும் வளையம் குழாயின் முன்முனையில், பொருளருகு வில்லையைச் சுற்றி இருந்தது. படுத்த நிலையிலிருந்து கைக்கு எட்டாத இடம். எனவே களத்துக்கு வந்ததும் தூரத்துக்கு ஏற்ப ஒருமுறை திருப்பி வைப்பார்கள். அதற்குப் பிறகு அதன் நினைவே யாருக்கும் வராது.

பிறகு நைட்ஃபோர்ஸின் 12 முதல் 42 மடங்கு ஸ்கோப் வந்தது; ஜப்பானில் செய்யப்படும் மார்ச் ஸ்கோப்புகள் 60, 80 என்று ஏறின; நைட்ஃபோர்ஸே 15 முதல் 55 மடங்கு வரை செல்லும் இன்னொன்றைச் சுமார் 800 கிராம் எடையில் கொண்டுவந்தது. எடை இங்கே சிறிய சங்கதி அல்ல. எஃப்-கிளாஸின் எஃப்-டி.ஆர். என்ற உட்பிரிவில் ஸ்கோப்பும் இருகால் தாங்கியும் சேர்ந்து துப்பாக்கி 8.25 கிலோவைத் தாண்டக்கூடாது. பழைய 42 மடங்கு ஸ்கோப் ஏறக்குறைய ஒரு கிலோ இருந்தது. அதில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு கிராமையும் கனமான குழலில் போட்டுக்கொள்ளலாம். இந்த மாற்றங்களின் ஊடே, முன்முனையில் இருந்த வளையம் இடப்பக்கக் குமிழாக மாறி, கன்னத்தைத் துப்பாக்கியிலிருந்து எடுக்காமலே விரல் எட்டும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லோரும் இதை வசதி என்று கொண்டாடினார்கள். எனக்கு வந்த தொல்லை முழுவதும் அந்த வசதியிலிருந்து வந்ததுதான்.

இலக்கின் பிம்பம் குறுக்குக்கோடு இருக்கும் தளத்திலேயே சரியாக விழ வேண்டும். விழவில்லையென்றால், துப்பாக்கி அசையாமல் இருக்கும்போதும், தலையைச் சற்று மேலும் கீழும் ஆட்டினால் குறுக்குக்கோடு இலக்கின் மேல் நீந்துவதுபோலத் தெரியும். 20 மடங்கில் இதைக் கவனிக்காமல் விட்டுவிடலாம். 50 மடங்குக்கு மேலே குவியத்தின் ஆழம் மிகவும் சுருங்கிவிடுவதால், குமிழை ஒரு மயிரிழை தவறாக வைத்தாலும் கண்ணுக்கு உறுத்துகிறது. என் ஸ்கோப்பின் குமிழில் 600 கஜத்துக்கும் முடிவிலிக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு விரல் அகலம்தான். நான் போட்டியிடும் தூரங்களில் பெரும்பாலானவை அந்த ஒரு விரலுக்குள் அடைந்து கிடக்கின்றன. '1000' என்று செதுக்கியிருக்கும் இடத்தில் வைத்தால் ஆயிரம் கஜ இலக்கு தெளிவாகத் தெரிவதில்லை. காலையில் ஓரிடத்திலும் மதியம் வேறோரிடத்திலும் தெளிகிறது. வில்லைகளின் ஒளிவிலகலும் அவற்றுக்கிடையே உள்ள இடைவெளியும் வெப்பநிலையோடு சற்றே மாறுவதால் இப்படி ஆகிறது என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருப்பதால் எரிச்சல் குறைந்துவிடவில்லை.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. பிம்பம் மிகத் தெளிவாகத் தெரியும் இடமும், தலையை ஆட்டினால் குறுக்குக்கோடு நகராமல் நிற்கும் இடமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கண்ணருகு வில்லையை நம் கண்ணுக்குச் சரியாகப் பொருத்திக்கொண்டால் ஒன்றாகவே இருக்கும். ஆனால் கண் களைப்படைந்த பின்னேரத்தில், கண் தானாகவே சமாளித்துக்கொண்டு மங்கலைத் தெளிவு என்று ஏமாற்றும்போது, இரண்டும் விலகிப் போகின்றன. அப்போது தெளிவை நம்பாமல் தலையாட்டிச் சோதிப்பதை நம்புவதே நல்லது. கால் எம்.ஓ.ஏ. பிழை ஆயிரம் கஜத்தில் 2.6 அங்குலம், நடு வளையத்தின் ஆரம் 2.5 அங்குலம். குமிழின் சோம்பேறித்தனத்துக்கு மட்டுமே முழு ஆரமும் போய்விட்டால் காற்றுக்கு மிச்சம் என்ன இருக்கிறது?

கானாட்டில் ஒரே இலக்கில் இருவரோ மூவரோ மாறி மாறிச் சுடுகிறோம். தன் முறை வந்தவர் 45 விநாடிக்குள் சுட்டாக வேண்டும். அந்த நேரத்தில் கொடிகளைப் பார்க்க வேண்டும், கானலைப் பார்க்க வேண்டும், காற்றுக்கான திருத்தத்தை முடிவுசெய்ய வேண்டும், மூச்சை அடக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவில் இடக்கை தானாகவே குமிழுக்குப் போய் அதைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டத் தொடங்கினால், அது துப்பாக்கியையும் தாங்கியின் மேல் அசைத்துவிடுகிறது. குமிழின் இறுக்கம் என் ஸ்கோப்பில் குளிர்ந்த காலைகளில் கூடுதலாகவும் வெயிலில் குறைவாகவும் இருக்கிறது என்பது இந்த மனக்குறைக்குக் கொசுறு.

இனி நியாயமாகவும் பேச வேண்டும். இந்த ஸ்கோப் எனக்குத் தந்த பெரிய மகிழ்ச்சியும் அதே குமிழிலிருந்துதான் வந்தது. அதே இலக்கில் என்னோடு மாறி மாறிச் சுடும் துணைவரின் முறை வரும் நேரத்தில், குமிழை ஆயிரத்திலிருந்து சற்றே கிட்டத்துக்குத் திருப்பினால் இலக்கு மங்கி, நடுவழியில் இருக்கும் காற்று தெரியத் தொடங்குகிறது. வெப்பமேறிய தரையிலிருந்து எழும் அலைகள் காற்றில்லாதபோது நேராக மேலே கொதிக்கின்றன. காற்று எழுந்ததும் சாய்கின்றன. வேகம் கூடக்கூடப் படுத்து ஓடுகின்றன. மேலும் கூடினால் தட்டையாகி, படிக்க முடியாமல் போகின்றன. தனித் தொலைநோக்கியில் இதைப் பார்ப்பதற்கும், சுடப்போகும் அதே அச்சில், அதே குறுக்குக்கோட்டின் பின்னணியில் பார்ப்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது. .308 தோட்டாவை ஆயிரம் கஜத்தில் மணிக்கு ஒரு மைல் குறுக்குக் காற்று, குண்டின் எடையைப் பொறுத்து, ஏறத்தாழ 7 முதல் 9 அங்குலம் வரை தள்ளிவிடும்; நடு வளையமோ 5 அங்குலம். கொடிகள் இன்னும் துவண்டு தொங்கும்போதே கானல் சாயத் தொடங்குவதைக் கண்டு, திருத்தத்தை மாற்றிச் சுட்டு, குண்டு பட்ட இடத்தைக் குறித்த பின் குழியிலிருந்து எழுந்து வரும் இலக்கில் வெள்ளைக் குறி நடுவில் ஒட்டியிருப்பதைப் பார்க்கும் சுகத்துக்காக இந்தக் குமிழின் பல குற்றங்களை மன்னித்திருக்கிறேன். பழைய 36 மடங்கு ஸ்கோப்பில், முன்முனை வளையத்தோடு, போட்டிக்கு நடுவே இதைச் செய்ய முடிந்திருக்காது.

ஆனால் இதற்கு அறுபது மடங்கு வேண்டியதில்லை. என் ஸ்கோப்பின் உருப்பெருக்க வளையம் பெரும்பாலும் நாற்பதுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. 52 மில்லிமீட்டர் முன்வில்லையை அறுபதால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் 0.87 மில்லிமீட்டர், நாற்பதில் அது 1.3. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனதும் படம் மங்குவது மட்டுமல்ல, கண்ணுக்குள்ளேயே மிதக்கும் துணுக்குகளும் நிழலாகத் தெரிய ஆரம்பித்துவிடுகின்றன. நாற்பது வயதைக் கடந்தவர்கள் இலக்குக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்று நினைத்து வில்லையைத் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

உருப்பெருக்கத்தைக் குறைத்தால் கானல் குறையும் என்று களத்தில் பலரும் சொல்வார்கள். கானல் குறைவதில்லை. இலக்கு எவ்வளவு கோணத்தில் நடுங்குகிறதோ அவ்வளவு நடுங்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பெரிதாகப் பார்க்காததால் நம் பதற்றம் குறைகிறது, அவ்வளவுதான். நடுங்கும் வளையத்தைத் துரத்திக் குறிபார்க்கும் ஆசை அடங்குவதே பெரிய லாபம் என்பதால் அந்த அறிவுரையை நானும் பின்பற்றுகிறேன். குறைந்த நிறப்பிரிகை கொண்ட ஈ.டி. வில்லைகள் கானலை வெட்டிவிடும் என்ற பேச்சையும் இதே கணக்கில்தான் வைக்கிறேன்: அவை விளிம்புகளின் நிறக் கசிவைப் போக்குகின்றன, இலக்கு கூர்மையாகத் தெரிகிறது, ஆயிரம் கஜ நீளக் காற்றை எந்தக் கண்ணாடியும் அமைதிப்படுத்தாது. குழலின் சூட்டில் எழும் அலைகளைத் தடுக்கக் குழலின் மேல் கட்டும் பட்டை ஒன்று மட்டுமே உண்மையில் பிடித்து நிறுத்தக்கூடிய கானலைப் பிடித்து நிறுத்துகிறது. அதன் விலை அற்பம்.

குறுக்குக்கோட்டைப் பற்றி ஒரு சொல். இந்த வகை ஸ்கோப்புகளில் கோடு இரண்டாம் குவியத் தளத்தில் இருப்பதால், உருப்பெருக்கத்தை மாற்றினாலும் கோடு தடிக்காது. மெல்லிய புள்ளியால் நடு வளையத்தை மறைக்காமல் குறிபார்க்கலாம். அதற்கு ஈடாக, கோட்டிலுள்ள அளவுக் குறிகள் ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் உண்மை பேசும். என்னுடையதில் அது நாற்பது. முப்பதுக்கு இறக்கினால் ஒரு எம்.ஓ.ஏ. என்று காட்டும் குறி 1.33 ஆகிவிடும். காற்றுக்காகக் கோட்டை நகர்த்திப் பிடித்துச் சுடுபவர்கள் இலக்கின் வளையங்களையே அளவுகோலாகக் கொள்வது நல்லது.

இப்போது களத்தில் நான் காணும் போக்கு சுவையானது. எண்பது வரை ஏறிய ஓட்டம் திரும்பிப் பார்க்கிறது. மார்ச்சின் மாறாத 48 மடங்கு ஸ்கோப்பைப் போன்றவற்றை நல்ல சுடுநர்கள் நாடுகிறார்கள். உறுப்புகள் குறைவு, உயர்தரக் கண்ணாடி, வெப்பநிலை மாறினாலும் குவியம் நகராமல் ஈடுசெய்யும் வில்லை அமைப்பு. கடைசியாகச் சொன்னது என் குமிழின் நோய்க்கு நேரான மருந்து என்பதால், அத்தகைய ஸ்கோப்பை வைத்திருக்கும் அடுத்த சுடுமேட்டுக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவர் காலையில் குமிழைத் தொட்டதோடு சரி.

நண்பருக்கு என் பதில்: வாங்க வேண்டாம், தம்பி. கண்ணாடி நன்று, கிளிக்குகள் நம்பகமானவை, திருத்திவிட்டு மீண்டும் பழைய இடத்துக்குத் திரும்பினால் குறி அங்கேயே இருக்கிறது, உயரத் திருத்தத்தின் எல்லையும், ஸ்கோப்பைப் பொருத்தும் 20 எம்.ஓ.ஏ. சாய்வான அடித்தளத்தோடு ஆயிரம் கஜத்துக்குத் தாராளமாகப் போதும். விலை இறங்கிய நிலையில் இந்தப் பணத்துக்கு இதைவிட நல்லது கிடைப்பதும் அரிது. இருந்தாலும் வேண்டாம். பணத்தைச் சேர்த்துவைத்து, மாறாத உருப்பெருக்கம் கொண்ட ஒன்றுக்குக் காத்திருக்கலாம்; அதுவரை அதில் ஒரு பங்கைத் தோட்டாக்களுக்குச் செலவிடுவதும் பயன் தரும். என் பேச்சையும் மீறி வாங்குவதாக இருந்தால், குமிழில் செதுக்கியுள்ள எண்களின் மேல் வெள்ளை நாடாவை ஒட்டி, காலைக்கு ஒரு கோடும் மதியத்துக்கு ஒரு கோடும் தலையாட்டிச் சோதித்துப் போட்டுக்கொள்ள வேண்டும். என்னுடையதைக் குறைந்த விலைக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம் மட்டும் வேண்டாம். அதை நான் விற்பதாக இல்லை.