மோல்டன் கொட்டில்கள்: வடக்கா தெற்கா, கிட்டவா தூரமா?

திருகோணமலையில் கமரா தூக்கும் எல்லோருக்கும் ஒரு பழக்கம் உண்டு, விடியப் படம் என்றால் டச்சுக்குடாவிலோ உப்புவெளியிலோ கடலைப் பார்த்து நிற்போம். சூரியன் நேரே முகத்துக்கு வரும், கரையில் கிடக்கும் வள்ளம் கறுப்பு உருவமாகும், அதுதான் படம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், டீட்டன் மலைத்தொடருக்குக் கீழே உள்ள மோல்டன் கொட்டில்கள் என்ற பழைய பலகைக் கொட்டில்களுக்கு இந்தப் பழக்கத்தோடு போனால் சரிவராது. அங்கே மலை மேற்கில். சூரியன் உங்கள் முதுகுப் பக்கத்தால் வரும்.

எங்களோடு படம் எடுக்கும் இரண்டு தம்பிமார் வருகிற செப்டெம்பரில் போகிறார்கள், எந்தக் கொட்டில், எந்த நேரம், எந்த லென்ஸ் என்று கேட்டார்கள். நான் இரண்டு விடியல் அங்கே நின்றவன், அதனால் எழுதுகிறேன்.

இடத்தின் பெயர் மோர்மன் ரோ. மோர்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த குடியேறிகள் காணி பிடித்து வாழ்ந்த ஊர், இப்போது தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது, 1997இல் அமெரிக்க வரலாற்று இடங்களின் தேசியப் பதிவேட்டில் சேர்த்தார்கள். அன்டிலோப் ஃபிளாட்ஸ் வீதிக்கு வடக்கே ஜான் மோல்டனின் கொட்டில், தெற்கே அவருடைய சகோதரர் டி. ஏ. மோல்டனின் கொட்டில். வடக்குக் கொட்டில் பெரியது, கூரை இரண்டு மடிப்பாக இறங்கும், பக்கத்தில் இளஞ்சிவப்பு நிற வீடும் இருக்கிறது. ஒரு குடும்பம் வாழ்ந்த வளவைக் காட்ட வேண்டும் என்றால் அதுதான் நல்லது.

எனக்கு மனம் போனது தெற்குக் கொட்டிலுக்கு. அந்தக் காணியில் மிஞ்சியது அந்தக் கொட்டில் ஒன்றுதான். டி. ஏ. மோல்டனும் பிள்ளைகளும் முப்பது வருடத்துக்கு மேலாக, நடுப்பகுதி முதலில், வைக்கோல் பரண் அப்புறம், இரண்டு பக்கச் சாய்ப்புகள் அதற்கும் பிறகு என்று கையில் வசதி வரவரக் கட்டிய கொட்டில் அது. பலகைக்குப் பலகை நிறம் மாறும், ஆணி அடித்த இடத்தில் இருந்து துரு கீழே வடிந்திருக்கும். கூரையும் நடுவில் கூர்ந்து பின்னால் நிற்கும் சிகரங்களைப் போலவே நிற்கிறது.

நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, விடியல்தான். பின்னேரம் சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதால் கொட்டிலின் முகமும் மலையின் முகமும் இருண்டுவிடும், முகில் நல்லதாக அமைந்தால் மட்டும் ஏதாவது கிடைக்கும். விடிய முதலில் 4,199 மீட்டர் உயரமான கிராண்ட் டீட்டன் சிகரத்தின் நுனி சிவக்கும், வெளிச்சம் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், அந்த நேரம் முழுக்கக் கொட்டில் நிழலில்தான் இருக்கும். பலர் சிகரம் சிவந்ததும் எடுத்துவிட்டு முக்காலியை மடக்குகிறார்கள். பொறுங்கள். வெயில் கொட்டிலைத் தொடும் அந்த முதல் சில நிமிடத்தில் பலகை தேன் நிறமாகும், மலையும் கொட்டிலும் ஒரே வெளிச்சத்துக்கு வரும், மலைக்கு ஒன்று கொட்டிலுக்கு ஒன்று என்று வெளிச்ச அளவை மாற்றி இரண்டு படம் எடுத்து ஒட்ட வேண்டிய தேவையே இல்லை.

லென்ஸில்தான் நான் பிழைவிட்டேன். முதல் நாள் 24 மில்லிமீட்டர் அகல லென்ஸோடு பதினைந்து மீட்டருக்குள் போய் நின்றேன். கொட்டில் பெரிதாக வந்தது, கண்ணுக்கு முன்னால் சுவர் மாதிரி நின்ற மலையோ படத்தில் கறையான் புற்று அளவுக்குச் சுருங்கிவிட்டது. அடுத்த நாள் அறுபது மீட்டருக்கு மேல் பின்வாங்கி தூரத்தைக் கிட்ட இழுக்கும் 100 மில்லிமீட்டர் லென்ஸில் எடுத்தேன். கொட்டில் அதே அளவு, மலை நான்கு மடங்கு பெரிது. கணக்கு இதுதான்: கொட்டிலின் அளவை நீங்கள் நிற்கும் தூரமும் லென்ஸும் சேர்ந்து தீர்மானிக்கும், மலை எவ்வளவோ தூரத்தில் இருப்பதால் அதன் அளவு லென்ஸோடு மட்டும்தான் வளரும். டீட்டன் மலைகளுக்கு முன்குன்றுகள் கிடையாது, பள்ளத்தாக்கில் இருந்து நேரே இரண்டாயிரம் மீட்டர் எழும்புகின்றன, அந்த எழுச்சியை அகல லென்ஸ் கொன்றுவிடும். 24ஐ வைத்திருங்கள், ஆனால் வேலி மரத்தையும் புல்லையும் முன்னால் போட்டு எடுக்க மட்டும். கூரை நுனி சிகரத்தில் முட்டினால் இடமோ வலமோ நகர்ந்து பிரித்துவிடலாம்.

செப்டெம்பர் கடைசியில் மரங்கள் மஞ்சளாகும், அது நல்ல தெரிவு. குளிர்காலத்தில் அந்த வீதியை மூடிவிடுவார்கள், பனியில் நடந்துதான் போகவேண்டும். செப்டெம்பரிலும் கையுறை, மேலதிக பற்றரி இரண்டும் வேண்டும், நிற்கப்போகும் நிலமே ஏறத்தாழ 2,000 மீட்டர், நுவரெலியா நகரத்தைவிட உயரம்.

அந்த வெளியில் காட்டெருமைகள் மேயும். எங்கள் திருகோணமலை பிரெட்ரிக் கோட்டை மான்கள் மாதிரி நினைத்துக் கிட்டப் போகாதீர்கள், பூங்கா விதிப்படி 23 மீட்டர் விலகி நிற்கவேண்டும். 100 மில்லிமீட்டர் இருந்தால் அவற்றையும் கொட்டிலையும் ஒரே படத்தில் அங்கிருந்தே எடுக்கலாம்.